ஜெரோம் நம்பருக்குப் போன ஓடிபி

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கேயே விடு. மிதியடிக்கு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எனக்கு. வாசல்ல போர்டு பாத்துட்டுத்தானே வந்த? மாடிதான். எட்டு மாசமா காலியாத்தான் கிடக்கு. சாவி இதோ, என் இடுப்புலயே இருக்கு. காட்றேன், காட்றேன். அதுக்கு முன்னாடி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் உக்காரு. நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மணி என்ன ஆச்சு? நாலே காலா. அஞ்சு மணிக்குள்ள ஒரு வேலை முடியணும். முடியலைன்னா என் ஊரு போயிடும்.

ஊருன்னா திருச்சி இல்லம்மா. திருச்சி எங்க போகப் போகுது. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற ஊரு. நான் கட்டின ஊரு. சிரிக்கிறியா? சிரி. மெல்போர்ன்ல இருக்குற என் பொண்ணும் இப்படித்தான் சிரிச்சா. அறுபத்தேழு வயசுல கேம் விளையாடுறீங்களாப்பான்னு கேட்டா. அறுபத்தேழு வயசுல சீட்டு விளையாடலாம், கேம் விளையாடக் கூடாதாக்கும்.

எத்தனை பேரு நீங்க? நீயும் உன் வீட்டுக்காரரும் மட்டுமா. நல்லதாப் போச்சு.

என் பேரு வேதரத்தினம். மாநகராட்சியில நகரமைப்புப் பிரிவுல முப்பத்துநாலு வருஷம் சர்வேயர். சங்கிலி பிடிச்சு இந்த ஊரோட ஒவ்வொரு சந்து பொந்தையும் அளந்தவன். ஒரு தெரு ஒழுங்கா இருக்காது. நேரா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒருத்தன் வாசப்படி நடுவுல நிக்கும். இடிக்கணும்னு எழுதுவேன். மேலேர்ந்து போன் வரும். அடிச்சுட்டு வேற எழுதுவேன். முப்பத்துநாலு வருஷமும் இதே வேலை. ரிட்டயர் ஆன வருஷமே என் சம்சாரம் சௌந்தரவல்லியும் போய்ச் சேந்துட்டா. அதுக்கப்புறம் காலையில எழுந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. சொல்றதுக்கு என்ன, அழுதிருக்கேன்.

அப்ப மாடியில ஜெரோம்னு ஒருத்தன் குடியிருந்தான். ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப்ல வேலை. அவனும் அவன் சம்சாரம் பெலிசிட்டாவும். அவன்தான் ஒருநாள் கீழ வந்து, சார், நீங்க ஊரை அளந்தவர், உங்களுக்கு ஏத்த கேம் ஒண்ணு இருக்குன்னு இதைப் போட்டுக் குடுத்தான். ஊர் கட்டுற கேம். வெறும் பொட்டல் குடுப்பான். நாம ரோடு போடணும், தண்ணி விடணும், ஜனங்களைக் குடிவைக்கணும். முதல் நாள் நான் போட்ட ரோட்டைப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா கிடந்துச்சு. மேலேர்ந்து ஒருத்தனும் போன் பண்ணலை.

ஒன்பது வருஷம்மா. இன்னைக்கு அதுல ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் இருக்காங்க. மழை பேஞ்சா ஒரு தெருவுல தண்ணி நிக்காது. நடுவுல ஒரு ஏரி வெட்டி சௌந்தரவல்லி ஏரின்னு பேரு வெச்சேன். பக்கத்துப் பக்கத்து ஊருக்கெல்லாம் நிஜ ஆளுங்கதான் மேயரு. பிரேசில்ல ஒருத்தர், போலந்துல ஒரு பல் டாக்டர் அம்மா. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் பேசுவோம், உங்க ஊரு சாக்கடையை எங்க ஆத்துல விடாதீங்கன்னு. என் இங்கிலீசு ஆபீஸ் இங்கிலீசு. ஆனா அங்க எனக்கு மரியாதை உண்டு.

இப்ப இந்த கேம் கம்பெனிக்காரன் பண்ற அக்கிரமத்தைக் கேளு. கேம் நேராத் திறக்காது. அதுக்கு முன்னாடி வாசக்கதவு மாதிரி ஒண்ணு வெச்சிருக்கான், லாஞ்சர்னு பேரு. அது திறந்தாத்தான் கேம் திறக்கும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்கள்ல, அந்தப் பூசாரி இதுதான். நாலு மணிக்குக் கூட்டம்னு மூணே முக்காலுக்கு உக்காந்தா, இருங்க, என்னை நானே புதுப்பிச்சுக்கிறேன்னு சொல்லும். ஒண்ணரை மணி நேரம் புதுப்பிச்சுக்கும். புதுசா என்ன ஆச்சுன்னு பாத்தா, ஏதோ ஒரு பட்டனை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் மாத்தியிருக்கும். நெட் இல்லைன்னா திறக்காது. என் ஊரு, என் வீட்டுக்குள்ள இருக்கு, நான் தனியா உக்காந்து பாக்கணும்னாலும் அவன்கிட்ட அனுமதி கேக்கணுமாம். அப்பப்ப வந்து நீ மனுஷனா ரோபோவான்னு கேப்பான். ஒன்பது கட்டம் காட்டி எதுலெல்லாம் பாலம் இருக்குன்னு தொடச் சொல்லுவான். முப்பத்துநாலு வருஷம் பாலம் அளந்தவன்மா நானு. நான் தொட்டதைத் தப்புன்னுட்டான். அது பாலம் இல்ல, மதகு. அதை யார்கிட்டச் சொல்றது?

மாடியைப் பத்திக் கேட்டியா? தண்ணியெல்லாம் நல்ல தண்ணி. மோட்டார் ஸ்விட்சு என் ரூம்ல இருக்கு, காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை போடுவேன். கேட்டு ஒன்பது மணிக்குப் பூட்டிடுவேன். லேட்டாகும்னா முன்னாடியே சொல்லிடணும், நான் யோசிச்சுச் சொல்லுவேன். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. மொட்டைமாடி முன்னாடி குடுத்திருந்தேன், இப்பப் பூட்டிட்டேன். காரணமெல்லாம் ஒண்ணுமில்ல, பூட்டணும்னு தோணுச்சு. மாடிக்கு இன்னொரு சாவி என்கிட்டயே இருக்கும். நீங்க இல்லாதப்ப எப்பவாவது வந்து எட்டிப் பாப்பேன், அவ்வளவுதான். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.

எங்க விட்டேன்? ஆங், போன வருஷம் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிடுச்சு. வாங்கினவனுக்கும் ஒரு லாஞ்சர் இருக்காம். இப்பக் கதவுக்கு ஒரு கதவு. நாப்பத்தேழு பக்கம் நிபந்தனை போட்டான். கீழ ஒரே ஒரு பட்டன், சம்மதம். சம்மதம் இல்லைன்னு ஒரு பட்டன் கிடையாது. மனுஷன் என்ன பண்ணுவான்? நான் உக்காந்து அகராதியை வெச்சுக்கிட்டு நாப்பத்தேழு பக்கமும் படிச்சேம்மா. இந்தியாவுலயே படிச்சவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். முப்பத்தொண்ணாவது பக்கத்துல போட்டிருக்கான், இந்த கேமை நீ வாங்கலையாம். அவன் பாத்து உன்னை அதுல இருக்க விட்டிருக்கானாம். எப்ப வேணாலும், எதுக்கு வேணாலும், எதுக்குன்னு சொல்லாமலும் வெளிய போகச் சொல்லலாமாம். இது என்னம்மா நியாயம்? உன் வாடகை அக்ரிமெண்டு அதோ மேசை மேல இருக்கு. அது நீ படிக்கணும்னு இல்ல. எல்லாம் வழக்கமா போடுறதுதான், கடைசிப் பக்கத்துல கையெழுத்து.

அடுத்து என்ன பண்ணான் தெரியுமா? என் ஏரியோட பேரை எடுத்துட்டான். ஒருநாள் திறந்து பாக்குறேன், சௌந்தரவல்லி ஏரி இல்ல. ஏரி நாலுன்னு இருக்கு. இந்தப் பேரு எங்க விதிமுறைக்குப் பொருந்தலைன்னு ஒரு வரி. என்ன விதி? என் பொண்டாட்டி பேருல என்னய்யா பொருந்தலை? மெயில் எழுதினேன். ஒண்ணு இல்ல, இருபத்தொன்பது மெயில். எல்லாம் கிணத்துல போட்ட கல்லு. மாயான்னு ஒரு பொம்பளை பதில் போடுவா. பொம்பளையும் இல்ல, மெஷினு. அன்புள்ள பயனாளரே, உங்கள் உணர்வை மதிக்கிறோம், நீங்களும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்னு எழுதுவா. குடும்பத்துல ஒருத்தன் பொண்டாட்டி பேரை எவனாவது அழிப்பானா? ரெண்டு நாள் நான் சாப்பிடலை.

ஜெரோமா? அவன் அப்பவே போயிட்டாம்மா. நல்லவன்தான். எட்டு வருஷத்துக்கு மேல இருந்தான். ஒரு சத்தம் கிடையாது. கதவுல ரெண்டு பேரு பேரையும் எழுதி ஒரு பலகை மாட்டியிருந்தான், கதவுல எதையும் மாட்டக் கூடாதுன்னு நான் கழட்டி வெச்சேன், அதுக்குக்கூட ஒண்ணும் சொல்லலை. ரொம்ப வருஷமா குழந்தை இல்ல அவங்களுக்கு. வேளாங்கண்ணிக்கு நடந்தே போவாங்க வருஷா வருஷம். கடைசியில ஒரு பொண்ணு பொறந்துச்சு. எனக்கும் சந்தோஷம்தான், ஸ்வீட்டு குடுத்தான், சாப்பிட்டேன்.

ஆனா அந்தப் பாப்பா அழுகும் பாரு. கரெக்டா நாலு மணிக்கு. நான் இங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கூட்டத்துல உக்காந்தா, மேல அது ஆரம்பிக்கும். என் மைக்ல அது போலந்து வரைக்கும் கேக்குது. பிரேசில்காரர் ஒருநாள் சொல்லிட்டாரு, மேயர் வேதா, உங்க வீட்டுல குழந்தை அழுகுது, முதல்ல போய்ப் பாருங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. மூணு மாசம் பொறுத்தேன். நாலாவது மாசம் காலி பண்ணச் சொல்லிட்டேன்.

குழந்தை அழுகுதுன்னு சொல்ல முடியுமா? மனசு கஷ்டப்படும்ல. நான் நாகரிகமான ஆளு. என் பொண்ணு மெல்போர்ன்லேர்ந்து வர்றா, மாடி எங்களுக்கே வேணும்னு சொன்னேன். ஒரு மாசம் டயமும் குடுத்தேன். ஐப்பசி மழை, சாமானெல்லாம் நனைஞ்சுதான் போச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? அவன் மெசேஜ் அனுப்பினான், சார், எங்க மேல ஏதாவது வருத்தமா, உண்மையைச் சொல்லுங்கன்னு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. நான் பதில் போடலை. சொன்னதையே எத்தனை தடவை சொல்றது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். முந்தாநாள் கம்பெனிக்காரன் மெயில் போட்டான். பழைய கணக்கெல்லாம் புது லாஞ்சருக்கு மாத்திக்கணும், இன்னைக்கு அஞ்சு மணி கெடு, மாத்தாதவங்க ஊரை அழிச்சிடுவோம்னு. உங்கள் பாதுகாப்புக்காகன்னு வேற போட்டிருக்கான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். மாத்துறதுக்கு ஓடிபி நம்பர் வரும், அதைப் போடணும். அந்த நம்பர் யாருக்குப் போகுது? ஜெரோமுக்கு.

ஆமாம்மா. ஒன்பது வருஷம் முன்னாடி பேரு பதியறப்ப மொபைல் நம்பர் கேட்டான். எனக்குப் பயம். நம்பரைக் குடுத்தா பேங்க்ல இருக்குறதை வழிச்சுட்டுப் போயிடுவான்னு பேப்பர்ல போட்டிருந்தான். உன் நம்பரையே போடுய்யான்னு ஜெரோம்கிட்டச் சொன்னேன். போனா அவனுதுதானே போகும். அவனும் சிரிச்சுக்கிட்டே போட்டான். அந்த நம்பரை அப்புறம் நான் மாத்தவே இல்ல.

மொத்தம் மூணு தடவைதான் ஓடிபி கேக்கலாம். காலையில ஒரு தடவை அனுப்பிட்டு அவனுக்குப் போன் பண்ணேன். எடுக்கலை. மத்தியானம் ரெண்டாவது தடவை அனுப்பிட்டு எதிர்வீட்டு டெய்லர் போன்லேர்ந்து பண்ணேன். எடுத்தான், என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிட்டான். இப்ப மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதான் கடவுள் உன்னை அனுப்பியிருக்காரு. உன் போன்லேர்ந்து ஒரு போன் போடு. பொம்பளைக் குரல்னா கட் பண்ண மாட்டான். வேதரத்தினம் பொண்ணு பேசுறேன், மெல்போர்ன்லேர்ந்து வந்துட்டேன், அப்பா கேம்க்கு ஒரு நம்பர் வந்திருக்கும்னு சொல்லு, போதும். இதுல என்னம்மா பொய்யி? நீயும் என் பொண்ணு மாதிரிதானே. மாடியை உனக்கே குடுத்துடுறேன் போ.

நம்பரைப் போட்டியா? இரு, நான் இங்க அமுக்குறேன். அமுக்கிட்டேன். அனுப்பியாச்சுன்னு வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம், இதோ ஓட ஆரம்பிச்சுடுச்சு. ரிங் போகுதா? எடுத்துட்டானா? பேசு, பேசு.

ஏம்மா, வீடு பாக்க வந்திருக்கேன்னு எதுக்கும்மா சொல்ற? பொண்ணுன்னுதானே சொல்லச் சொன்னேன். சரி, போகட்டும். நம்பர் வந்திருக்கான்னு கேளு. வந்திருக்கா? அப்பாடா. சொல்லச் சொல்லு. பேனா இருக்கு, சொல்லச் சொல்லு.

என்ன கேக்குறான்? பொண்ணு வரலையான்னா? மாடி இன்னும் காலியாவா இருக்குன்னா? ஆமான்னு சொல்லிட்டியா. சொல்லாம இருந்திருக்கலாம்ல நீ. சரி, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நாலு நிமிஷம்தான் இருக்குன்னு சொல்லு.

சொல்றானாமா? ஆறு நம்பரையும் சொல்றானாமா? நல்ல மனுஷன், நான்தான் சொன்னேனே. அதுக்கு முன்னாடி என்னவாம்? நான் ஒரே ஒரு விஷயம் சொல்லணுமா. எதுக்குக் காலி பண்ணச் சொன்னேன்னா.

கோபமா கேக்குறானா? கோபம் இல்லையா. சும்மாதான் கேக்குறானா. பெலிசிட்டா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காளாமா, நாம என்ன தப்பு பண்ணோம், சாரை எதுல கஷ்டப்படுத்தினோம்னு. ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லு. அது போதாதா? அப்ப எதுக்குன்னு கேக்குறானா.

நீ எதுக்கும்மா என்னை இப்படிப் பாக்குற? உன்கிட்ட நான் சொன்னது வேற. அது சும்மா பேச்சுவாக்குல சொன்னது. அதை நீ சொல்லாதே. வாயைத் திறக்காதே. நிர்வாகக் காரணம்னு சொல்லு. ஆமாம், நிர்வாகக் காரணம்தான். நாங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம், எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். அடங்கலையாமா.

மூணு நிமிஷம் இருக்கு. சொந்த உபயோகம்னு சொல்லு. சட்டத்துலயே இருக்கு, வீட்டுக்காரனுக்குச் சொந்த உபயோகத்துக்கு வேணும்னா கேக்கலாம். இன்னைக்கு இவனுக்கு விளக்கம் குடுத்தா, இவனுக்கு முன்னாடி மாடியில இருந்த தபால்காரர் கேப்பாரு, அதுக்கு முன்னாடி இருந்த டீச்சர் கேப்பாங்க. என் வீடும்மா இது. ஒவ்வொருத்தருக்கும் எழுதிக் குடுத்துக்கிட்டா இருக்க முடியும்?

என்கிட்ட எதுக்குப் போனை நீட்டுற? நீயே பேசு. நானே பேசணுமாமா? குடு.

ஹலோ. ஜெரோம். ம், நான்தான். நல்லா இருக்கேன்பா. பாப்பா எப்படி இருக்கு? நடக்குதா? ஓ. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா? நல்லது. நல்லது. ம். ம். இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பெலிசிட்டாம்மா ஒரு தப்பும் பண்ணலை. பக்கத்துலதான் இருக்காங்களா? கேட்டுக்கிட்டு இருக்காங்களா. ம். அது வந்துப்பா. அது என்னன்னா. இங்க சிக்னல் சரியில்ல. கேக்குதா? கேக்கலையே. நான் அப்புறமாப் பேசுறேன்.

இந்தா உன் போனு. நான்தான் வெச்சேன். என்னத்தைப் பேசுறது? பெலிசிட்டாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேக்குறான். மறுபடி கூப்பிடாதே. வேண்டாம்மா, கூப்பிடாதேன்னா கூப்பிடாதே. வேற வழி இருக்கும். இங்கயே உதவின்னு ஒரு பட்டன் இருக்கு. இதோ, மாயா வந்துட்டா. எழுதுறேன் இரு, அவசரம், என் ஊரு. உங்கள் பொறுமைக்கு நன்றியாம். முப்பது செகண்டு. இருபது. எழுதுறேன்ல, படியேன். பத்து.

நேரம் முடிந்ததுன்னு போட்டுட்டான். அனுமதிக்கப்பட்ட முயற்சிகள் தீர்ந்தன. நாளைக்கு வாங்கன்னு போட்டிருக்கான். நாளைக்கு எதுக்கு வர்றது, மணி நாலே முக்கால், இன்னும் கால் மணியில எல்லாம் அழிஞ்சிடும். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். நேர் நேரா போட்ட தெரு. அவ ஏரி. நாலுன்னு பேரு வெச்சாலும் அது அவ ஏரிதாம்மா. நான் தினம் அதோட கரையில போய் நின்னுட்டுத்தான் கம்ப்யூட்டரை அணைப்பேன்.

இப்பப் பாத்தியா, உன் கண்ணு முன்னாடியே பாத்தியா? ஒன்பது வருஷம் ஒரு இடத்துல ஒழுங்கா இருந்தவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறான். ஏன்னு கேட்டா பதில் இல்ல. நான் என்ன பணமா கேட்டேன்? இன்ன காரணம்னு ஒரு வார்த்தை. மூஞ்சியைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னா இவங்களுக்கு என்னம்மா குறைஞ்சு போயிடும்? சொல்லேன், என்ன குறைஞ்சு போயிடும்?